வால்மோராவில் கலையாத கூட்டம்

வால்மோரா ஊர்க்கூட்டம் கூடிப் பல வருடம் ஆகிறது, இன்னும் கலையவில்லை. கிண்டலுக்குச் சொல்லவில்லை. முறைப்படி மணியடித்துக் கூட்டினார்கள், முறைப்படி முடித்துவைக்க இதுவரை யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அபராதமாக வந்த ஒயின் ஜாடிகள் கோயில் மண்டபத்து மூலையில் மூடிகூடத் திறக்காமல் வரிசையாக நிற்கின்றன. கூட்டம் முடிந்தால்தான் குடிக்கலாம் என்பது விதி. அவற்றைப் பார்த்துப் பார்த்தே எனக்கு நாக்கு வறண்டுபோயிற்று.

இவ்வளவுக்கும் காரணம் ஒனோரினா என்ற ஒருத்தி.

நான் லிபோரியோ. மலைக்கு இந்தப் பக்கம் ஒல்மேதாவில் ரொட்டி சுடுகிறவன். சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் வண்டியில் ரொட்டி கொண்டுபோய் ஹாரன் அடித்து விற்பது எங்கள் குடும்பத்துத் தொழில். வால்மோரா என் பாதையில் கடைசி ஊர். அப்பா காலத்தில் அந்த ஊருக்கென்றே தனிக் கூடை உண்டு. பிறகு வடக்கே பில்பாவோ நகரத்து இரும்பாலைகள் ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தன. முதலில் இளவட்டங்கள் போனார்கள், அப்புறம் அவர்களைத் தேடிப் பெற்றவர்கள் போனார்கள், வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. கடைசியில் ஹாரன் சத்தத்துக்கு வெளியே வருகிற ஆள் ஒனோரினா மட்டும்தான் என்று ஆயிற்று. ஒரே ஒரு ரொட்டிக்காக மலையேறுகிற மடையன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். ஆனால் ஒனோரினாவின் வசவைக் கேட்காமல் எனக்குப் பொழுது விடியாது.

"என்ன லிபோரியோ, இது ரொட்டியா செங்கல்லா? மண்டபத்துல ஒரு கல்லு பேந்து கெடக்கு. அங்க வச்சுப் பூசிடவா?"

"வேணாம்னா குடு, திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"குடுத்துருவேன்னு நெனப்பா? எனக்குப் பல்லு இருக்கு. நான் கடிச்சுக்கறேன்."

அப்போது அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அகலமான தோள், ஆம்பிளைப் பூட்ஸ், ஒரு மந்தை ஆடு, இரண்டு நாய். குரல் இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போகும். கல்யாணம் ஆகவில்லை. பில்பாவோவிலிருந்து ஒருத்தன் வந்து கேட்டானாம். சரி, நீ இங்கே வந்து இரு என்றாளாம். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. அவளுடைய அண்ணன் மகள் வருடா வருடம் கோடையில் வந்து, அத்தை, எங்களோடு வந்துவிடு, அங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்பாள். "அந்தக் குழாய் ஆடு மேய்க்குமா?" என்று கேட்டுவிட்டு இவள் பால் கறக்கப் போய்விடுவாள்.

ஊர் காலியானதும் கோயிலும் காலியாயிற்று. சான் மமேஸ் என்ற புனிதரின் கோயில். ரோமனெஸ்க் பாணி என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு அது சின்ன, தடித்த, பிடிவாதமான கட்டடம். ஒரு ஆள் நீளத்துக்குக் கனமான சுவர், அம்பு மட்டும் நுழைகிற மாதிரி ஜன்னல், பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைந்து நிற்கும் கிழக்குச் சுவர். மேற்கே ஒற்றைச் சுவராக எழும்பிய மணிக்கூண்டில் இரண்டு மணி. எண்ணூறு வருடமாகக் காற்றும் பனியும் முட்டிப்பார்த்துத் தோற்ற சுவர்கள் அவை. கூரைவிளிம்பைத் தாங்கும் கற்களில் ஒவ்வொன்றிலும் ஒரு உருவம் செதுக்கியிருப்பார்கள். பீப்பாய் சுமப்பவன், குழல் ஊதும் கழுதை, ஓநாய், தலைகீழாக வளைந்து வித்தை காட்டுகிற பெண். வடக்குப் பக்கத்தில் ஒருத்தன் துணியைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருப்பான். அவன் பின்பக்கம் நேராக எங்கள் ஒல்மேதாவைப் பார்த்திருக்கிறது. தற்செயல் இல்லை, கேட்டு வாங்கிச் செதுக்கவைத்தது என்று வால்மோராக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருமையடித்து வந்தார்கள்.

ஒவ்வொரு உருவத்துக்கும் ஊரில் ஒரு குடும்பம் உண்டு. பீப்பாய்க்காரன் ஒனோரினா வீட்டு முன்னோன். மூக்கைப் பார்த்தாலே தெரியும். வாயில் கையை வைத்து மூடிக்கொண்டிருக்கும் ஒருத்தன் எமெத்தேரியோ வீட்டு முன்னோன். இந்த எமெத்தேரியோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குப் பக்கத்தில்தான் மண்டபம். வெயில் விழுகிற பக்கம். சோடி சோடியாகத் தூண்கள், அவற்றின் மேல் வட்ட வளைவுகள், தூண்தலைகளில் இலைகளும் பறவைகளும் சண்டை போடுகிற வீரர்களும். கோயிலைக் கட்டியது அன்றைய ஆயர், அதாவது பிஷப், அனுப்பிய கொத்தர்கள். அது மஞ்சள் கல். மண்டபத்தைக் கட்டியது ஊர். அது சிவப்புக் கல், வால்மோராவின் சொந்தக் குவாரியில் எடுத்தது. வீட்டுக்கு ஒரு ஆள், வீட்டுக்கு ஒரு சோடி மாடு என்று இழுத்துக் கட்டிய மண்டபம். கோயில் ஆயருக்கு, மண்டபம் ஊருக்கு. இதைச் சொல்ல எந்தப் பத்திரமும் வேண்டாம், கல்லின் நிறமே போதும் என்பாள் ஒனோரினா.

ஊர்க்கூட்டம் கூடுவது அந்த மண்டபத்தில்தான். உள்சுவரை ஒட்டிக் கல்திண்டு ஓடுகிறது. அதில் வீட்டுக்கு ஒரு இடம். முறை எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். கூட்டத்து மணி முதலில் நிதானமாக மூன்று முறை அடிக்கும், பிறகு மூச்சுவிடாமல் அடிக்கும். கேட்டவுடன் தொப்பியைக் கழற்ற வேண்டும், கையில் இருக்கும் கருவியைக் கீழே போட வேண்டும். கூட்டம் நடக்கும்போது ஊர் எல்லைக்குள் வேலை செய்தவன் வீட்டுக்கு அந்த வருடம் முழுக்க யாரும் நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஆடுமாடு பார்ப்பதற்கும் அடுப்பு எரிப்பதற்கும் மட்டும் விலக்கு உண்டு. தாமதமாக வந்தவனுக்கு ஒரு ஜாடி ஒயின் அபராதம். எவன் வீட்டுக் கூரையில் புகை வருகிறதோ அவனுக்குத்தான் பேச்சும் ஓட்டும். அடுப்புப் புகையாதவன் தன் இடத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் தலைமைக்காரர் "இன்னும் சொல்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்றால் ஒயினைத் திறந்து சுற்றிவிடுவார்கள், கூட்டம் கலையும். யாராவது இருக்கிறது என்றால் கலையாது.

கடைசிச் சாமியார் மாற்றலாகிப் போனதும் கோயிலைப் பூட்டினார்கள். சுரூபங்களையும் பூசைக் கிண்ணத்தையும் மாகாணத் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். ஒனோரினா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பூசை இல்லாத ஊரில் கிண்ணத்துக்கு என்ன வேலை என்று விட்டுவிட்டாள். கூரையில் ஓடு விழுந்தால் ஏணி போட்டு ஏறி அவளே சொருகினாள். ஒருமுறை யாரோ திருடர்கள் லாரியோடு வந்து தூண்தலை ஒன்றைப் பெயர்க்கப் பார்த்தார்கள். நாய்களை அவிழ்த்துவிட்டாள். ஒருத்தனுடைய கால்சட்டைத் துண்டு இன்னும் அவள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

அடுத்த இலையுதிர்காலத்தில் சேதி வந்தது. மண்டபத்தையும் அதற்குள் இருக்கும் வாசல் வளைவையும் கல் கல்லாகப் பிரித்துத் தலைநகருக்குக் கொண்டுபோய் அருங்காட்சியகத்துத் தோட்டத்தில் திரும்பக் கட்டப்போகிறார்கள். ஊரில் யாரும் இல்லை, கைவிட்ட ஊர் என்று ஆயர் இல்லத்தில் முடிவு செய்துவிட்டார்களாம். பொறுப்பு யாரிடம் தெரியுமா? தோன் எமெத்தேரியோவிடம். வால்மோராவில் பிறந்து, ஒனோரினாவோடு ஆடு மேய்த்து, பிறகு குருமடத்துக்குப் போய்ச் சாமியாராகி, பேருக்கு முன்னால் தோன் என்ற மரியாதையும் வாங்கி, ஆயர் இல்லத்தில் பழம்பொருள்களுக்கு அதிகாரியானவர்.

அவர் வந்த அன்று நான் ரொட்டியோடு அங்கேதான் இருந்தேன். லாரி, சாரம் கட்ட மரங்கள், ஒல்மேதாக்காரக் கொத்தர்கள், மேஸ்திரி குமெர்சிந்தோ. முந்தின நாளே வந்து ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதிவிட்டார்கள். ஒனோரினா வளைவுக்கு நடுவில் நின்றிருந்தாள்.

"வா, தேரியோ," என்றாள். உலகம் முழுக்க அவரைச் சாமி என்று கூப்பிட்டது. இவளுக்கு மட்டும் பழைய தேரியோதான். "உங்க அப்பன் உட்கார்ந்த கல்லுக்கும் நம்பர் போட்டுட்டியா?"

"ஒனோரினா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. போன வருஷம் திருடன் வந்தான். அடுத்த வருஷமும் வருவான். கூரை உட்கார்ந்துச்சுன்னா தூணெல்லாம் நொறுங்கிடும். அங்க பத்திரமா இருக்கும். ஆயிரம் பேரு வந்து பார்ப்பாங்க."

"இங்க நான் பார்க்கறேன்ல."

"நீ ஒருத்தி."

"ஒருத்தின்னா ஆளு இல்லையா? எனக்குக் கண்ணு இல்லையா? ஆயிரம் பேரு பார்த்தாத்தான் கல்லுக்குச் சந்தோஷமா?"

"இந்த ஊர் செத்துப்போச்சு," என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியதை நான் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை அவர். கல்லையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தவர், அவ்வளவுதான். "செத்த வீட்டுல நகையைக் கழட்டி வைக்கிறதில்லையா? அது மாதிரி நெனச்சுக்கோ."

"செத்துருச்சான்னு மூக்குல கைய வச்சுப் பார்த்தியா? இல்ல கேக்கறேன். கல்லறைக்குத் தூக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அதத்தானே செய்வாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கோயிலுக்குள் போனார், உள்ளே அளவெடுக்க. குமெர்சிந்தோ கடப்பாரையை எடுத்து முதல் கல்லின் இடுக்கில் வைத்தான். ஒனோரினா மண்டபத்து ஓரத்துக்குப் போனாள். அங்கே மணிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

நிதானமாக மூன்று. பிறகு மூச்சுவிடாமல்.

கடப்பாரை தரையில் விழுந்த சத்தம் முதலில் கேட்டது. குமெர்சிந்தோ தொப்பியைக் கழற்றியிருந்தான். அவனுடைய ஆட்களும் கழற்றியிருந்தார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. நானும் ரொட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுத்தான் நின்றேன். வெளியூர்க்காரர்கள் ஆதலால் வளைவுக்கு வெளியே ஒதுங்கினோம். அப்போது கோயில் கதவு திறந்தது. தோன் எமெத்தேரியோ அளவுநாடாவோடு வெளியே வந்தார். முகத்தில் தூக்கத்தில் நடப்பவர் மாதிரி ஒரு பார்வை. தொப்பியைக் கழற்றினார், நேராகக் கல்திண்டில் மூன்றாவது தூணுக்குப் பின்னால் இருந்த இடத்துக்குப் போனார், அங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அது அவருடைய அப்பா உட்கார்ந்த இடம், தாத்தா உட்கார்ந்த இடம். உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தார். ஒனோரினா முந்திக்கொண்டாள்.

"வால்மோரா ஊர்க்கூட்டம் கூடியிருக்கு. எமெத்தேரியோ தாமதம். ஒரு ஜாடி ஒயின்."

கொத்தர்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். குமெர்சிந்தோ அவன் விலாவில் இடித்தான்.

"ஒனோரினா, இது..." என்று ஆரம்பித்தார் அவர்.

"உங்க வீட்டுக் கூரையில புகை வருதா?"

அங்கிருந்தே அவர் வீடு தெரிந்தது. கூரையில் புல் முளைத்திருந்தது.

"புகை இல்லாதவன் உட்காரலாம், பேசக் கூடாது. உனக்கே தெரியும். மேல பாரு, உங்க பாட்டன் எப்படி வாயப் பொத்திக்கிட்டு இருக்கான்னு."

அவர் நிஜமாகவே ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

ஒனோரினா தன் வீட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். எழுந்து நின்று, "மண்டபத்தைப் பிரிச்சுக் கொண்டுபோகலாமான்னு கேள்வி வந்திருக்கு. கூட்டம் என்ன சொல்லுது?" என்று கேட்டாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, "கூடாதுன்னு சொல்லுது," என்றாள். "மறுப்பு உண்டா?" என்று காலியான திண்டு முழுக்கப் பார்த்தாள். பில்பாவோவுக்குப் போனவர்களின் இடங்கள் எல்லாம் பேசாமல் இருந்தன. "இல்ல. ஏகமனசா முடிவாச்சு."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. ஒருத்தி எழுந்தும் உட்கார்ந்தும் ஒரு ஊரையே நடத்திக்காட்டுவதைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

"சரிம்மா, முடிச்சு வையுங்க. நாங்க வேலையப் பார்க்கணும்," என்றான் குமெர்சிந்தோ, கெஞ்சலாக.

"முறைப்படி முடிப்போம். இன்னும் சொல்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் ஒனோரினா. தனக்குத்தானே பதிலும் சொன்னாள். "இருக்கு. இன்னைக்கு இல்ல. நாளைக்கு."

அவ்வளவுதான். எழுந்து ஆடு ஓட்டப் போய்விட்டாள்.

குமெர்சிந்தோ கடப்பாரையைப் பார்த்தான், சாமியாரைப் பார்த்தான். "மன்னிச்சுக்கணும் சாமி. கூட்டம் கலையாம ஊர் மண்டபத்துல கை வச்சேன்னு ஒல்மேதாவுல தெரிஞ்சா என் பொண்டாட்டியே வீட்டுக்குள்ள விடமாட்டா. கலைஞ்சதும் சொல்லி அனுப்புங்க." லாரி திரும்பிப் போயிற்று. தோன் எமெத்தேரியோ போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அபராத ஜாடி மட்டும் அந்த வாரமே வந்து சேர்ந்தது.

மறுநாளும் ஒனோரினா மணியடித்தாள், சொல்ல இன்னும் இருக்கிறது, நாளைக்கு என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. வல்லடோலிட் நகரத்திலிருந்து இந்த வழக்கம் தெரியாத ஆட்களைக் கொண்டுவந்திருந்தால் ஒரே நாளில் பிரித்திருப்பார்கள். ஆயர் இல்லத்தில் சிலர் அதைத்தான் சொன்னார்களாம். எமெத்தேரியோ ஒத்துக்கொள்ளவில்லை. கைவிட்ட ஊர் என்று எப்படிச் சொல்வது, அங்கே கூட்டம் நடக்கிறது, நானே அதில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாராம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வால்மோராவில் புகை தெரிகிற வரைக்கும் தொடுவதில்லை. புகை நின்ற மறுநாள் லாரி போகும்.

மாதத்துக்கு ஒருமுறை ரோந்து போகிற காவலர்கள் இரண்டு பேரும் கணவாயில் நின்று புகை வருகிறதா என்று பார்த்துச் சேதி அனுப்ப வேண்டும். ஒனோரினாவுக்கு இது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அடுப்பு கோடையிலும் அணையவில்லை. நான் ரொட்டியைக் கரியாக்கிக் கொடுத்தால், "பரவால்ல, எரிக்க ஆகும்," என்பாள்.

எமெத்தேரியோ வருடத்துக்கு ஒருதரம் வருவார், ஊர்த் திருநாள் அன்று. மணி அடித்தால் தன் இடத்தில் உட்காருவார். வால்மோரா எல்லைக்குள் வாயே திறக்க மாட்டார். கூட்டம் நடந்துகொண்டிருக்கிறதே, அவருக்குப் புகை இல்லையே. ஒனோரினா வேண்டுமென்றே அவரிடம் கேள்வியாகக் கேட்பாள். "என்ன தேரியோ, உன் மியூசியத்துல கூரை ஒழுகுதாமே?" அவர் காது சிவந்துபோகும். போகும்போது ஒல்மேதா எல்லைக் கல்லைத் தாண்டியதும் என்னிடம், "அவ நல்லா இருக்காளா?" என்று கேட்பார்.

இப்படி வருடங்கள் போயின. பிறகு அந்தப் பெரிய பனி வந்தது.

கிறிஸ்துமஸுக்கு அடுத்து விழ ஆரம்பித்து நிற்கவே இல்லை. வண்டி போக வழியில்லை. நான் தினமும் காலையில் எங்கள் மேட்டில் ஏறி நின்று பார்ப்பேன். வால்மோராப் பக்கம் வெள்ளையாக ஒரு இழை எழும்பும். சரி, இருக்கிறாள் என்று இறங்கிவிடுவேன். ஒருநாள் புகை கறுப்பாக இருந்தது. அவள் எரிப்பது ஓக் விறகு, அது கறுப்பாகப் புகையாது. மறுநாளும் கறுப்பு. கோவேறு கழுதையில் ரொட்டியைக் கட்டிக்கொண்டு, காவலர்கள் இரண்டு பேரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கதவைத் தோளால் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. அடுப்படியில் தரையில் கிடந்தாள். தொழுவத்திலிருந்து வரும்போது பனியில் வழுக்கிக் கால் உடைந்திருந்தது. ஊர்ந்து உள்ளே வந்திருக்கிறாள். விறகு அடுக்கு வெளியே, போக முடியாது. ஆகவே வீட்டை எரித்திருக்கிறாள். நாற்காலி இல்லை. மேசை இல்லை. அலமாரிக் கதவு, கட்டில், மரச் செருப்பு, கரண்டிச் சட்டம், எதுவும் இல்லை. அப்போது எரிந்துகொண்டிருந்தது அவள் அப்பாவின் தார் பூசிய பெட்டியின் கடைசிப் பலகை. கறுப்புப் புகை அதனுடையதுதான்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"தாமதம்," என்றாள். "ஒரு ஜாடி."

நான் அழுதேன். சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை. காவலர்களும் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கட்டிலை எரிச்சிட்டியே, பாவி."

"எந்திரிக்க முடியாதவளுக்குக் கட்டில் எதுக்கு?"

காலைப் பார்த்த காவலர் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்றார். அவள் அடுப்பங்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் போனா புகை நிக்கும். நின்னா நீங்கதானே சேதி அனுப்புவீங்க? நான் வரல."

"கால் அழுகிடும்மா."

"காலு என்னோடது. மண்டபம் ஊரோடது."

அவளிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஒரு காவலர் ஸ்ட்ரெச்சருக்கும் ஆளுக்கும் தொலைபேசிக்கும் ஒல்மேதாவுக்குத் திரும்பினார். நான் அங்கேயே தங்கினேன். பூண்டு சூப்பில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டினேன். வெளியே இருந்த விறகு முழுவதும் பனிக்கட்டியாக இறுகிக் கிடந்தது. தட்டிப் பெயர்த்து அடுப்போரம் காயவைத்துவிட்டு, அது காய்கிற வரைக்கும் என் ரொட்டிக் கூடையை எரித்தேன். இதுவும் கருகித்தான் போகுது, உன் கைராசி என்றாள்.

மறுநாள் மதியம் ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தொலைபேசிச் சேதி கேட்டு ராத்திரியே கிளம்பி, இடுப்புவரை பனி அப்பிய அங்கியோடு, தோன் எமெத்தேரியோ.

"வந்துட்டியா?" என்றாள் ஒனோரினா. "பிணந்தின்னிக் கழுகுக்கு மூக்கு நல்லா வேலை செய்யுது."

அவளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வெறுமையான வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வெளியே போனார். எங்கே போகிறார் என்று நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். அவருடைய அப்பா வீட்டுக்கு. பூட்டு துருப்பிடித்திருந்தது, ஒரு கல்லை எடுத்து அடித்து உடைத்தார். ஒரு சாமியார் பூட்டு உடைத்து நான் அன்றுதான் பார்த்தேன். உள்ளே ஏதோ விழுகிற சத்தம், இருமல், மறுபடி சத்தம். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு புல் முளைத்த அந்தக் கூரையின் புகைக்கூண்டிலிருந்து ஒரு காகம் அலறிக்கொண்டு பறந்தது. அதற்குப் பின்னாலேயே புகை.

கையெல்லாம் கரியோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"இப்ப எனக்குப் புகை இருக்கு," என்றார். அத்தனை வருடத்தில் வால்மோராவில் அவர் பேசிய முதல் பேச்சு அது. "இப்பப் பேசலாமா?"

ஒனோரினா அவரைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "பேசு."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நீ வர்ற வரைக்கும் இந்த அடுப்பு அணையாது."

"புகை இருந்தா ஓட்டும் உண்டு. நான் அந்தப் பக்கம் போனதும் மண்டபத்தைத் தூக்கிக் குடுக்க நீ ஓட்டுப் போட மாட்டேன்னு என்ன நிச்சயம்? உன்னை எப்படி நம்பறது?"

"நம்பாதே," என்றார் எமெத்தேரியோ. "சீக்கிரமா நடந்து திரும்பி வா."

அதற்குப் பிறகுதான் அவள் அடுப்பங்கல்லை விட்டாள்.

கணவாயில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பிப் பார்த்தாள். கீழே சான் மமேஸின் மணிச்சுவர், பனியில் பாதி மூழ்கிய வளைவுகள், அவற்றுக்குப் பக்கத்தில் அடர்ந்த மஞ்சள் புகை, ஊரையே மூடுகிற மாதிரி.

"பச்சை விறகப் போட்டு ஊதறான், முட்டாள்," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. குளிர் என்றாள். நானும் சரி, குளிர்தான் என்றேன்.

பனி உருகியும் எமெத்தேரியோ தலைநகருக்குப் போகவில்லை. வழி அடைபட்டிருக்கிறது என்று சேதி அனுப்பினார். வழியில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒனோரினாவின் ஆடுகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆடு மேய்த்த கை மறக்கவில்லை, பால் கறக்கத்தான் தடுமாறினார். ஆயர் இல்லத்திலிருந்து ஒருத்தர் ஜீப்பில் வந்து, எப்போது வருகிறீர்கள், லாரியை எப்போது அனுப்புவது என்று கேட்டார். நான் வால்மோராவின் குடியானவன், எனக்குப் புகை இருக்கிறது, கூட்டத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. ஜீப் போய்விட்டது. அவருடைய பதவியும் அதோடு போயிற்று.

ஈஸ்டருக்கு முன்னால் ஒனோரினா வந்தாள், ஒரு ஊன்றுகோலோடு, என் வண்டியில், வழி நெடுக என் ஓட்டும் திறமையை வைதுகொண்டு. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக மண்டபத்துக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தாள். நிதானமாக மூன்று, பிறகு மூச்சுவிடாமல். எமெத்தேரியோ வந்து தொப்பியைக் கழற்றித் தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் வளைவுக்கு வெளியே நின்றேன்.

"வால்மோரா ஊர்க்கூட்டம்," என்று ஆரம்பித்தாள் அவள்.

"முதல்ல ஒரு விஷயம்," என்றார் எமெத்தேரியோ. "மூணு மாசமாக் கூட்டத்துக்கு வரல. ஒனோரினா தாமதம். ஒரு ஜாடி."

அவள் வாய் திறந்தபடியே நின்றது. அவள் பதில் இல்லாமல் நின்றதை என் வாழ்நாளில் அந்த ஒருதரம்தான் பார்த்தேன். பிறகு சிரித்தாள், மண்டபம் முழுக்க எதிரொலிக்க. சரி, எழுதிக்கோ என்று உட்கார்ந்தாள். கோலைத் தூணில் சாய்த்தாள். அந்தத் தூணில் வெள்ளை எண்கள் மங்காமல் அப்படியே இருந்தன.

அவள் முகத்தில் களைப்பு தெரிந்தது. ஆஸ்பத்திரி அவளைச் சின்னவளாக்கியிருந்தது. இனி எத்தனை குளிர்காலம் தாங்குவாள் என்று எனக்கே தோன்றியது, அவளுக்கும் தோன்றியிருக்கும். எமெத்தேரியோவை நேராகப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் சொல்ல ஏதாவது இருக்கா?"

எமெத்தேரியோ கூரைவிளிம்பைப் பார்த்தார், வாயைப் பொத்தியிருக்கும் தன் முன்னோனை. பிறகு அவளைப் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "இன்னைக்கு இல்ல. நாளைக்கு."